எல்லாவற்றையும் மூன்றடி நகர்த்தினால்

மின்வெட்டு, நான்காம் கட்டம்.
வெஸ்ட்வில் வளாகம் முழுக்க இருட்டு.
காரின் மூக்கில் விடைத்தாள்களைப் பரப்பி
கைப்பேசி வெளிச்சத்தில் திருத்துகிறோம்
நானும் யோகாம்பாள் படையாச்சியும்.
ஏழாம் கேள்வியில் பாதியைச் சாயங்காலமே
ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

எட்டாம் கேள்வி அவள் போட்டது.
விண்மீன், தூசி, அளவுகோல், கடிகாரம்,
அண்டத்தில் உள்ள அத்தனையையும்
ஒன்று விடாமல்
கிழக்கே மூன்றடி நகர்த்தினால்
என்ன மாறும்?

ஒன்றும் மாறாது என்பது என் கட்சி.
பண்டத்தைக் கொட்டிவைக்க
இடம் என்றொரு பாத்திரம் தனியே கிடையாது.
இதற்கும் அதற்கும் நடுவில் உள்ள உறவுக்கு
நாம் வைத்த பேர் அது.

அவள் விடமாட்டாள்.
வளைகிறதே, என்பாள்.
எங்கோ இரண்டு கருந்துளை மோதினால்
அலையாய் வந்து இந்தக் காரையும்
அணுவுக்குள் அணுவளவு
இழுத்துவிட்டுப் போகிறதே,
இல்லாத ஒன்று எப்படி ஐயா வளையும்?

வளைந்தது வெளியா, கோலா?
கோலெல்லாம் சேர்ந்து சுருங்கினால்
சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவாய்?
பதினோரு வருஷமாய்
இந்தச் சந்தில்தான் நான் நழுவுகிறேன்.

அப்போது தாண்டேகாவின் தாள் வந்தது.
இருபது மதிப்பெண்ணுக்கு நாலே வரி:

'எல்லாவற்றையும் என்கிறீர்கள்.
எல்லாவற்றையும் யாரும் நகர்த்தியதில்லை.
எங்களை உம்கும்பானேயிலிருந்து க்வாமாஷுவுக்கு நகர்த்தினார்கள்.
ஓடையை அங்கேயே விட்டுவிட்டார்கள்.'

யோகாம்பாள் பேனாவை மூடினாள்.
எனக்குப் பழைய எண் ஒன்று நாக்கில் வந்தது.
யூனிட் மூன்று, சாலை எழுநூற்று ஆறு, வீடு நாற்பத்திரண்டு.
சாட்ஸ்வர்த்தில் சாலைகளுக்கு அப்போது பெயர் இல்லை.
ஆயக்கூறுகள் வெறும் ஒட்டுச்சீட்டு,
அவற்றுக்கு நீளமும் இல்லை, நிஜமும் இல்லை என்று
வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவன்
அந்த ஒட்டுச்சீட்டில் பிறந்தவன்.

மேகசின் பேரக்ஸில்
ஒரே சுவரின் இருபுறமும் முதுகு சாய்த்திருந்தன
எங்கள் வீடும் கண்ணப்பன் வீடும்.
இந்தப்பக்கம் தும்மினால் அந்தப்பக்கம் நூறு சொல்வார்கள்.
லாரி வந்தது. சாவி கொடுத்தார்கள்.
சுவரின் தடிமன் ஒன்பது அங்குலம்
பதினான்கு பஸ் நிறுத்தமாய் நீண்டது.
எந்தக் கோலும் சுருங்கவில்லை.
நடந்தே வேலைக்குப் போன அப்பா
விடியுமுன் இரண்டு பஸ் மாறினார்.

பார், உறவுதானே அறுந்தது,
உன் கட்சிதான் ஜெயித்தது என்றாள்.
ஓடையும் ஒரு பொருள்தானே,
அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஜெயிக்கப் பிடிக்கவில்லை எனக்கு.
ஒன்று சொன்னேன்.
சோம்ட்சு ரோட்டில் பஸ் திரும்பும்போது
அப்பா பேச்சை நிறுத்துவார்.
பாதி வாக்கியமானாலும் சரி.
அடுத்த நிறுத்தம் வந்ததும்
விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.
சன்னலில் நான் எட்டிப் பார்ப்பேன்.
பேரக்ஸ் இல்லை, சுவர் இல்லை,
எங்களைத் தெரிந்த செங்கல் ஒன்றும் இல்லை.
ஒன்றுமே இல்லாத இடத்தில்
ஒரு மனிதன் தினமும்
அதே அளவு வளைந்துபோனான்.

அவள் பதில் சொல்லவில்லை.
இருட்டில் ஏதோ கிளை அசைந்தது.
ஏழாம் கேள்வியின் மிச்சமாக இருக்கலாம்.

விளக்கு வந்தது.
நூலகமும் விடுதியும் ஒரே நேரத்தில் என்றாள்.
யாருக்கு ஒரே நேரம் என்றேன்.
சும்மா இரு என்று சிரித்து
தாண்டேகாவின் தாளில்
பென்சிலால் ஒரு எண் போட்டாள்,
அழித்தாள்,
காரின் அந்தப்பக்கத்திலிருந்து
தாளை என்னிடம் நகர்த்தினாள்.
மூன்றடி இருக்கும்.